புகை போன ஊர்

ஓர் ஊர் செத்துவிட்டது என்று எப்போது சொல்லலாம்? மனிதனுக்கு நாடி பார்க்கிறோம். மூக்கருகே விரலை வைத்துப் பார்க்கிறோம். ஊருக்கு நாடி எங்கே இருக்கிறது? வீடுகள் நிற்கின்றன; தெருவில் ஆட்கள் நடமாடுகிறார்கள்; மாலையானால் விளக்கு எரிகிறது; குழந்தைகளும் பிறக்கின்றன. ஆனாலும் எந்த வேலைக்காக அந்த ஊர் உண்டாயிற்றோ அந்த வேலை நின்றுபோன பிறகு, அதை ஊர் என்று சொல்வதா, ஊர் இருந்த இடம் என்று சொல்வதா? அப்படிப் படுத்துவிட்ட ஊரைக் கட்டடக் கலைஞர்கள் வந்து, செங்கல்லும் சுண்ணாம்பும் வைத்து எழுப்பி உட்கார்த்திவிட முடியுமா? முடியும் என்றால், எழுந்து உட்காருவது யார்?

இந்தக் கேள்விகள் எனக்கு ஒரு நாவலின் வழியாக வந்தன. கதை எழுதிப் பிழைக்கிறவனுக்கு உலக விவகாரங்கள் பெரும்பாலும் அந்த வழியாகத்தானே வருகின்றன!

ஆர்னால்டு பென்னெட் என்ற ஆங்கில நாவலாசிரியரை இன்று அதிகம் பேர் படிப்பதில்லை. கல்லூரி நாளில் அவருடைய ‘தி ஓல்டு ஒய்வ்ஸ் டேல்’ என்ற நாவலைப் படித்தேன். 1908-இல் வெளிவந்தது. கான்ஸ்டன்ஸ், சொஃபியா என்று இரண்டு சகோதரிகள். மண்பாண்டத் தொழில் செய்யும் ஒரு புகை படிந்த ஊரில் அவர்கள் வீட்டுக்கு ஒரு ஜவுளிக்கடை. சொஃபியா ஒருவனோடு ஓடிப்போய்ப் பாரிஸ் நகரத்தில் வாழ்கிறாள். கான்ஸ்டன்ஸ் அந்தக் கடை, அந்தச் சதுக்கம், அந்த ஜன்னல் என்று அங்கேயே கிழவியாகிறாள். பல வருஷங்களுக்குப் பிறகு திரும்பி வரும் சொஃபியாவுக்கு ஊரின் அழுக்கைப் பார்க்கச் சகிக்கவில்லை. “இங்கே என்ன இருக்கிறது, வா போய்விடலாம்” என்ற தோரணையில் அக்காளை நச்சரிக்கிறாள். அக்காள் அசைவதாக இல்லை. படித்த வயதில் நான் சொஃபியாவின் கட்சி. இருபது வயதில் யார்தான் கான்ஸ்டன்ஸின் கட்சியில் இருப்பார்கள்?

அந்த ஊர் கற்பனை ஊரல்ல. இங்கிலாந்தின் நடுப்பகுதியில், ஸ்டாஃபோர்ட்ஷயர் ஜில்லாவில் டன்ஸ்டால், பர்ஸ்லம், ஹான்லி, ஸ்டோக், ஃபென்டன், லாங்டன் என்று ஆறு சிற்றூர்கள் ஒட்டிக்கொண்டு கிடந்தன. பென்னெட் அவற்றில் ஃபென்டனைக் கழித்துவிட்டு, மற்றவற்றின் பெயர்களைக் கொஞ்சம் கோணலாக்கி, ‘ஐந்து ஊர்கள்’ என்று எழுதினார். காதுக்கு ஆறைவிட ஐந்து இனிமையாக இருந்ததாம். ஒரு நாவலாசிரியன் காதுக்காக ஓர் ஊரையே அழித்துவிட முடிகிறது பாருங்கள்! ஃபென்டன்காரர்கள் அவரை மன்னித்தார்களோ இல்லையோ. 1910-இல் ஆறும் ஒன்றாக இணைக்கப்பட்டன; 1925-இல் நகரம் என்ற அந்தஸ்தும் பெற்றன. இன்று ஸ்டோக்-ஆன்-டிரென்ட் என்பது அதன் பெயர். பென்னெட் தாம் 1889-இல் லண்டனுக்குப் போனவர், திரும்பி வந்து அங்கே குடியிருக்கவே இல்லை. ஆனால் எழுதியதில் நிலைத்ததெல்லாம் அந்த ஊரைப் பற்றித்தான். சொஃபியாவாக வாழ்ந்து கான்ஸ்டன்ஸாக எழுதினார் என்று சொல்லலாம்.

நம் வீட்டுப் பழைய பீங்கான் தட்டைக் கவிழ்த்துப் பார்த்தால், சில சமயம் இங்கிலாந்து என்ற முத்திரையோடு இந்தப் பக்கத்து ஊர் ஒன்றின் பெயர் இருக்கும். ஸ்டோக்வாசிகளுக்கு எந்த ஊரில், எந்த வீட்டில் சாப்பிட உட்கார்ந்தாலும் தட்டைக் கவிழ்த்து முத்திரை பார்க்கும் பழக்கம் உண்டு என்று சொல்வார்கள். நம்முடையதா, வேற்றூர்ச் சரக்கா என்று தெரிந்துகொள்ளாமல் அவர்களுக்குச் சோறு இறங்காது.

இந்தத் தொழில் அந்த இடத்தில் ஏன் வேர்பிடித்தது என்பது ஒரு சுவையான சங்கதி. நல்ல வெள்ளைக் களிமண் அங்கே கிடையாது. அது கார்ன்வாலிலிருந்து கப்பலேறி வந்தது. அங்கே கிடைத்தது முரட்டுச் செம்மண்ணும் நிலக்கரியும்தான். ஒரு டன் மண்ணைச் சுட அதைப்போல் பல மடங்கு கரி வேண்டும் என்ற காலம். ஆகவே கரியை மண்ணிடம் கொண்டு போவதைவிட மண்ணைக் கரியிடம் கொண்டுவருவது லாபம். கழுதை முதுகிலும் வண்டியிலும் வந்தால் பாதி உடைந்துபோகும் என்று, ஜோசையா வெட்ஜ்வுட் முதலான முதலாளிகள் முயன்று ஒரு கால்வாய் வெட்டினார்கள். 1766-இல் தொடங்கி 1777-இல் முடிந்தது. வெட்ஜ்வுட் அந்தக் கால்வாய்க் கரையிலேயே 1769-இல் எட்ரூரியா என்ற பெயரில் தொழிற்சாலையும், தொழிலாளர் குடியிருப்பும் அமைத்தார். பிற்பாடு ஸ்போட் என்பவர் மாட்டெலும்புச் சாம்பலைச் சரிபாதி கலந்து, ஒளி ஊடுருவும் மெல்லிய பீங்கான் செய்யும் முறையைச் செம்மைப்படுத்தினார். ஆசாரம் மிகுந்த எத்தனையோ வீடுகளில் சீமைக் கோப்பையில் காபி குடித்தபோது உதட்டில் பட்டது எதுவென்று தெரிந்திருந்தால் என்ன ஆகியிருக்குமோ! தெரியாததும் ஒரு புண்ணியம்தான்.

ஊருக்கு உருவம் கொடுத்தது சூளை. செங்கல்லால் கட்டிய பிரம்மாண்டமான சீசாக்களைப் போல, வயிறு பெருத்து, கழுத்து சிறுத்து, வீட்டுக் கூரைகளுக்கு மேலே எழுந்து நிற்கும். ஒரு காலத்தில் இப்படி இரண்டாயிரத்துக்கு மேல் இருந்தன. உள்ளே, ‘ஸாகர்’ என்ற தீமண் பெட்டிகளில் பாண்டங்களை வைத்து, பெட்டிமேல் பெட்டியாக அடுக்கி, வாசலைச் செங்கல் வைத்து அடைத்து, சுற்றிலும் தீவாய்களில் கரியைக் கொட்டி எரிப்பார்கள். ஒரு சூளைக்குப் பத்துப் பன்னிரண்டு டன் கரி. இரண்டு மூன்று நாள் எரியும். சூளைக்காரன் கண்ணயராமல் காவல் இருப்பான். ஆறுவதற்குள்ளேயே அவசரப்பட்டுத் திறந்து, ஈரத் துணியைத் தலையில் சுற்றிக்கொண்டு ஆட்கள் உள்ளே நுழைந்து பெட்டிகளைத் தோளில் தூக்கி வருவார்கள். அந்தப் பெட்டிக்கு அடித்தட்டு அடிக்க ஒரு பையன் உண்டு. அவன் வேலையின் பெயர் ஆங்கிலத்தில் வேடிக்கையாக ஒலிக்கும் என்பதால், இன்று தொலைக்காட்சியில் சொல்லிச் சிரிக்கிறார்கள். அந்தப் பையன் சிரித்தானா என்று தெரியாது.

இங்கேதான் எனக்கு முதல் முள் தைக்கிறது. அந்தச் சீசாச் சூளைகளின் படத்தைப் பார்த்தால் மனம் மயங்குகிறது. எந்தக் கட்டடக் கலைஞனும் திட்டம் போட்டு அப்படி ஓர் அழகைக் கொண்டுவந்திருக்க முடியாது. ஆனால் அவை கக்கிய புகையில் எதிர்வீடு தெரியாது. புகையில் மூழ்கிய ஊரைப் படம் பிடித்து, கேலியாகத் தபால் அட்டை போட்டு விற்றார்கள். சூளைகள் ஓய்ந்த திருவிழா விடுமுறையில்தான் வானம் நீலமாகத் தெரியும். மெருகில் ஈயம் கலந்திருந்ததால் தோய்ப்பவர்களின் கை விழுந்தது. சிக்கிமுக்கிக் கல்லின் தூள் நெஞ்சில் படிந்து படிந்து, நுரையீரல் நோயில் நடுத்தர வயதிலேயே மூச்சு முட்டிச் செத்தார்கள். குழந்தைகள் நிலையை விசாரித்து 1841-இல் சர்க்காரிடம் ஓர் அறிக்கை கொடுக்கப்பட்டது. சார்லஸ் ஷா என்பவர் ஏழு வயதில் அச்சு தூக்கி ஓடுகிற பையனாக வேலைக்குச் சேர்ந்தவர். ஈரத் தட்டு ஒட்டிய அச்சைத் தூக்கிக்கொண்டு கொதிக்கும் உலர்த்தும் அறைக்குள் நாளெல்லாம் ஓட வேண்டும். அவர் வயதான பிறகு தம் பால்யத்தை எழுதினார். 1903-இல் புத்தகமாக வந்தது. பென்னெட் அதைப் படித்துத்தான் ‘கிளேஹாங்கர்’ நாவலில் ஒரு தகப்பனின் பிள்ளைப்பிராயத்தை எழுதினார். அந்த அத்தியாயத்தைப் படித்த பிறகும் ஒருவன் சூளையை அழகு என்று சொல்லலாமா?

சொல்லலாம் என்றே நினைக்கிறேன். சொல்லும்போது தொண்டை கொஞ்சம் அடைத்துக்கொள்ள வேண்டும். அவ்வளவுதான்.

1956-இல் வந்த தூய காற்றுச் சட்டம் கரிப்புகையைக் கட்டுப்படுத்தியது. எரிவாயுவும் மின்சாரமும் வந்தன. சீசாச் சூளைகள் ஒன்றன்பின் ஒன்றாக அணைந்தன. மக்கள் மூச்சு விட்டார்கள். ஊரின் சாவு அப்போது வரவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். புகை போயிற்று, வேலை இருந்தது. அதுதான் அந்த ஊரின் நல்ல காலம் என்றுகூடச் சொல்வேன். சாவு பிறகு வந்தது. மலிவான வெளிநாட்டுச் சரக்கு வந்தது. முதலாளிகளே வெளிநாட்டில் செய்து வாங்கினார்கள். சிறு பட்டறைகளைப் பெரிய கம்பெனிகள் விழுங்கின. பர்ஸ்லத்தில் ராயல் டௌல்டன் தொழிற்சாலை 2005-இல் மூடப்பட்டது. இருநூறு வருஷங்களுக்கு மேலாக ஒரே இடத்தில் நடந்த ஸ்போட் 2008-இல் கதவை அடைத்தது. 2009 ஜனவரியில் வெட்ஜ்வுட் கம்பெனியே நொடித்து நிர்வாகிகள் கைக்குப் போயிற்று. இரண்டாயிரம் சூளைகளில் இன்று நிற்பவை ஐம்பதுக்கும் குறைவு.

ஊரை எழுப்பப் பல வைத்தியர்கள் வந்தார்கள். எட்ரூரியாவில், மூடிப்போன இரும்பாலையின் பாழ்நிலத்தில் 1986-இல் பிரமாதமாகத் தேசியத் தோட்டத் திருவிழா நடத்தினார்கள். மரம் நட்டார்கள், பூப்பாத்தி போட்டார்கள், ஜனங்கள் திரண்டு வந்தார்கள். திருவிழா முடிந்தது, அந்த இடம் பெரிய கடைகளும் கார் நிறுத்துமிடங்களுமாக ஆயிற்று. வெட்ஜ்வுட் கட்டிய தொழிற்சாலையோ அதற்கு முன்பே, 1960-களில், பெரும்பாலும் இடிக்கப்பட்டுவிட்டது. பூவைப் பார்க்க வந்தவர்களுக்கு அங்கே எந்த மண் பிசையப்பட்டது என்று தெரிந்திருக்காது.

அடுத்தவர்கள் இடிப்பதே வைத்தியம் என்றார்கள். 2003-இலிருந்து வீட்டு மார்க்கெட்டைச் சீர்திருத்துகிறோம் என்று சர்க்கார் திட்டம் ஒன்று வந்தது. குயவர்கள் வாழ்ந்த வரிசை வீடுகளைத் தெருத் தெருவாக வாங்கிக் காலி செய்து தரைமட்டமாக்கினார்கள். புதிய வீடு வரும் என்று சொன்னார்கள். 2011-இல் பணம் நிறுத்தப்பட்டது. சில இடங்களில் புதிய வீடு வந்தது. சில இடங்களில் புல் வந்தது. பாதி காலியான தெருக்களில், அடுத்த வீட்டு ஜன்னலில் பலகை அடித்திருப்பதைப் பார்த்துக்கொண்டு கிழவர்கள் காத்திருந்தார்கள். இதற்குப் பிராயச்சித்தம் போல 2013-இல் நகரசபை கோப்ரிட்ஜ் பகுதியில் முப்பத்து மூன்று வீடுகளை ஆளுக்கொன்றாக ஒரு பவுனுக்கு விற்றது. பழுது பார்க்க முப்பதாயிரம் பவுன் வரை கடன். ஐந்து வருஷமாவது குடியிருக்க வேண்டும் என்று நிபந்தனை. ஒரு பக்கம் பணம் கொடுத்து வீட்டை இடித்தவர்களே மறுபக்கம் சும்மா கொடுத்து ஆளைக் குடிவைத்தார்கள். நாவலில் எழுதினால் ‘மிகைப்படுத்துகிறார்’ என்று விமர்சகர் சொல்லுவார்.

என் நண்பர் ஒருவர் கட்டடக் கலைஞர். நான் இதையெல்லாம் சொல்லி, “ஊர் என்பது கைகள், ஸார், கட்டடம் அல்ல” என்று ஒரு நாள் சற்றுப் பெருமையாகவே முழங்கினேன். அவர் அமைதியாகக் கேட்டார்: “கை எங்கே நின்று வேலை செய்யும்? காற்றிலா?” பிறகு மிடில்போர்ட் மண்பாண்டத் தொழிற்சாலையைப் பற்றிச் சொன்னார். அதைப் பற்றிப் பிறகு நானாகவும் தேடிப் படித்தேன்.

பர்ஸ்லத்தில் அதே கால்வாய்க் கரையில் 1888-89-இல் கட்டிய தொழிற்சாலை அது. பர்லி என்ற பெயரில் நீலமும் வெள்ளையுமாகப் பாண்டம் செய்கிறவர்களுடையது. ஒரு கோடியில் மண் இறங்கி, வரிசையாகப் பல அறைகளைக் கடந்து, மறு கோடியில் பாண்டமாகப் படகேறும்படி திட்டமிட்டுக் கட்டியது. அந்தக் காலத்தில் மாதிரித் தொழிற்சாலை என்றே பெயர். ஏழு சூளைகளில் ஒன்றுதான் மிச்சம். கூரை ஒழுகி, சுவர் விலகி, பழுது பார்க்கும் செலவைத் தொழில் தாங்காது என்ற நிலை. இடத்தை விட்டால் தொழிலும் போகும். 2011-இல் இளவரசரின் பெயரால் இயங்கிய ஓர் அறக்கட்டளை கட்டடத்தை வாங்கியது. ஒன்பது மில்லியன் பவுன் அளவில் செலவழித்துப் பழுது பார்த்து, 2014-இல் திறந்தது.

இதில் என்னைக் கவர்ந்தது பணமல்ல. வேலை செய்துகொண்டிருந்தவர்களை அப்புறப்படுத்தவில்லை. கம்பெனி வாடகைக்கு இருந்துகொண்டு வேலையைத் தொடர்ந்தது. காலியாக இருந்த அறைகளைச் சிறு பட்டறைகளுக்கும் கைவினைஞர்களுக்கும் கொடுத்தார்கள். பளபளப்பாக்கவில்லை, பழுது பார்த்த சுவடு தெரியாமல் பழுது பார்ப்பதே கொள்கையாக இருந்தது. பின்பு பக்கத்துத் தெருவில் பாழாகக் கிடந்த வரிசை வீடுகளையும் பட்டறைகளாக மாற்றினார்கள்.

“ஒப்புக்கொள்கிறேன்” என்றேன் நண்பரிடம். “ஆனால் இதுவும் ஒரு நாள் நாடகக் கொட்டகையாகிவிடாதா? வருகிறவர்கள் வேடிக்கை பார்க்க, உள்ளே இருப்பவர்கள் உழைக்கிற மாதிரி நடிக்க?”

“ஆகலாம். ஆனால் கொட்டகை இடிந்துவிட்டால் நடிக்கக்கூட முடியாதே!” என்றார் அவர்.

அவர் பக்கம் நியாயம் அதிகம் என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். சீனாவில் ஜிங்டெஜென் என்ற ஊர் ஆயிரம் வருஷமாகப் பீங்கான் சுடுகிறது. சீனப் பீங்கான் ஓடுகள் நம் ராமநாதபுரக் கரையில் பெரியபட்டினத்து மண்ணிலும் கிடைத்திருக்கின்றன. அங்கேயும் 1990-களில் சர்க்கார் தொழிற்சாலைகள் வரிசையாக மூடப்பட்டன. அந்தத் தொழிற்சாலைகளில் ஒன்றைச் செப்பனிட்டு 2016-இல் பட்டறைகளும் கடைகளுமாகத் திறந்தார்கள். 2020-இல் அரச சூளைகளுக்கு ஓர் அருங்காட்சியகம் எழுந்தது; சூளையின் வளைவைப் போன்ற செங்கல் வளைவுகள், அவற்றில் பழைய சூளைகளிலிருந்து எடுத்த செங்கற்களும் கலந்திருக்கின்றன. நாடெங்குமிருந்து இளைஞர்கள் மண் பிசைய அங்கே போகிறார்கள். கட்டடத்துக்கு அழைக்கும் சக்தி உண்டு என்பதற்கு இதைவிட அத்தாட்சி வேண்டாம். போகிறவர்கள் பழைய தொழிலாளியின் பிள்ளைகளா, வேறு யாரோவா என்ற கேள்வி அங்கேயும் இருக்கிறது. அதை இங்கே இழுத்தால் கட்டுரை நீண்டுவிடும்.

என்னை உறுத்துவது வேறு. 2024-இல் ஸ்டோக்குக்கு ‘உலகக் கைவினை நகரம்’ என்ற கௌரவம் கிடைத்தது. 2025-இல் நகர அந்தஸ்து பெற்ற நூற்றாண்டு விழா. அந்த விழா வருஷத்தின் பிப்ரவரியில்தான் பர்ஸ்லத்தில் ராயல் ஸ்டாஃபோர்ட் தொழிற்சாலை மூடப்பட்டது. சில மாதங்களில் மூர்கிராஃப்ட்டும் மூடியது. அதை ஸ்தாபகரின் பேரர் ஒருவர் வாங்கி அதே வருஷம் மறுபடி தொடங்கினார். காரணங்களில் பெரியது எரிவாயு விலை. ஆயிரம் டிகிரிக்கு மேல் சுடாமல் பீங்கான் ஆகாது. அடுப்பைச் சிக்கனமாக எரி என்று குயவனிடம் சொல்ல முடியாது. ஊருக்கு மாலை போட்ட கையும், ஊரின் அடுப்பை அணைத்த பில்லும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் வந்தன.

இதற்குக் கட்டடக் கலைஞன் என்ன செய்வான்? கூரையை ஒழுகாமல் செய்வான், சதுக்கத்தைச் செப்பனிடுவான், கால்வாய்க் கரையில் நடைபாதை போடுவான். எரிவாயு பில்லை அவன் கட்ட முடியாது. நாம் வாங்கும் தட்டின் விலையையும் அவன் நிர்ணயிப்பதில்லை. அதை நிர்ணயிப்பது, கடையில் இரண்டு தட்டுகளைக் கையில் வைத்துக்கொண்டு எது மலிவு என்று பார்க்கிற நீங்களும் நானும். இதைச் சொல்லும்போது எனக்குக் கூச்சமாகத்தான் இருக்கிறது. ஏனென்றால் எங்கள் வீட்டில் மலிவானதுதான் வாங்குகிறோம். மாதச் சம்பளக் குடும்பம் ஒன்று, ஆறாயிரம் மைலுக்கு அப்பாலோ ஆறு மைலுக்கு அப்பாலோ இருக்கும் ஒரு கைவினைஞனுக்காக இரண்டு மடங்கு விலை கொடுக்கக் கடமைப்பட்டதா? கடமை என்று சொன்னால் ஏழையைத் தண்டிக்கிறோம். இல்லை என்று சொன்னால், பிறகு அந்த ஊர்க் கட்டடத்தின் அழகைப் பார்த்துப் பெருமூச்சு விடுவது வெறும் பொழுதுபோக்கு ஆகிறது. வேண்டுமானால் சர்க்கார் கொடுக்கட்டும் என்று தப்பிக்கலாம். மிடில்போர்ட் கூரைக்குப் பொதுப்பணமும் நன்கொடையும் வந்ததைப் போல அடுப்புக்கும் வரக்கூடாதா என்று கேட்கலாம். கூரைக்குக் கொடுப்பவர்கள் அடுப்புக்குக் கொடுக்கத் தயங்குகிறார்கள். கூரை நினைவுச் சின்னம், அடுப்பு வியாபாரம். ஒன்றில் பெயர் பொறிக்கலாம்.

மிடில்போர்ட்டில் நடக்கும் ஒரு வேலையைப் பற்றிப் படித்ததிலிருந்து அது மனத்தை விட்டு அகலவில்லை. செதுக்கிய செப்பு உருளையில் மை தடவி, மெல்லிய காகிதத்தில் பூவும் கொடியுமாக அச்செடுக்கிறார்கள். ஒரு பெண் அதைக் கத்தரித்து, குவளையின் வளைவில் ஒட்டுத் தெரியாமல் பொருத்தி, தூரிகையால் அழுத்தித் தேய்க்கிறாள். கழுவினால் காகிதம் போய்விடும். பூ பாண்டத்தில் தங்கிவிடும். இந்த முறையை இன்றும் விடாமல் செய்கிற தொழிற்சாலை உலகத்திலேயே அது ஒன்றுதான் என்கிறார்கள். கை பழக வருஷங்கள் ஆகும்.

அந்தப் பெண்ணுக்கு ஒரு மகள் இருந்து, பள்ளிப் படிப்பு முடிந்து, “நானும் அம்மாவோடு வேலைக்கு வரட்டுமா?” என்று கேட்டால், தாய் என்ன சொல்லுவாள் என்று யோசித்துப் பார்க்கிறேன். வா என்பாளா? கூரை ஒழுகாது என்பது அவளுக்குத் தெரியும். அடுத்த வருஷம் அடுப்பு எரியுமா என்பது தெரியாது. இப்போது நான் கான்ஸ்டன்ஸின் கட்சிக்கு வந்துவிட்ட வயது. ஆனாலும் அந்த மகள் சொஃபியாவைப் போல ரயிலேறினால், ஸ்டேஷனுக்குப் போய்த் தடுக்க எனக்கு மனம் வராது.